நாற்சார் வீடும் நவீன வாழ்வும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டும் எத்துணைச் சிரமமானவை என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர். ஆனால், அம்முன்னோர் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகின்றது. பாட்டன் கட்டிவைத்த வீட்டைக் காத்துப் பார் என்பதே அது. புதிய வீடு கட்டுகின்றவன் முன்னே வெறுங் காணி கிடக்கின்றது. தன் மனம்போல் நூல் பிடித்து அத்திவாரம் வெட்டலாம். பழைய வீட்டைத் திருத்துகின்றவனையோ ஒவ்வொரு சுவரும் கேள்வி கேட்கின்றது. இதனை வைப்பதா, எடுப்பதா? வைத்தால் வசதியாக வாழ முடியுமா? எடுத்தால் மிஞ்சுவது நம் வீடுதானா?

யாழ்ப்பாணத்திலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் இக்கேள்வி இன்று பல குடும்பங்களின் முன் நிற்கின்றது. நூறாண்டு கண்ட நாற்சார் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து வருகின்றன. சில வீடுகள் போர்க்காலத்தில் ஓடும் மரமும் இழந்து மொட்டைச் சுவர்களாய் நின்றவை. சில, உரியவர்கள் கடல் கடந்து போனமையாற் பூட்டிக் கிடந்து, கறையானுக்கும் மாரி மழைக்கும் இரையானவை. இன்னுஞ் சில வீடுகள் நல்ல நிலையில் இருந்தும், "பழைய வீடு, வசதி இல்லை" என்ற ஒரே காரணத்தால் இடிக்கப்படுகின்றன. இந்த மூன்றாவது வகையைப் பற்றியே இங்குச் சிறிது பேச விரும்புகின்றோம். ஏனெனில், அவற்றைக் காப்பது இன்னமும் நம் கையில் இருக்கின்றது.

நாற்சார் வீடு என்பது யாது?

இளைய வாசகர் பலர் இப்பெயரைக் கேட்டிருப்பர். அத்தகைய வீட்டில் ஓரிரவேனும் தங்கியிருப்பவர் சிலரே. நடுவே வானம் பார்த்த முற்றம். அம்முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் விறாந்தை. விறாந்தைக்குப் பின்னே அறைகள். நான்கு பக்கமும் சார் இறக்கிய கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்து வரும். அதனாலேயே நாற்சார் என்று பெயர்.

வீதியிலிருந்து வருகின்றவரை முதலில் வரவேற்பது சங்கடப்படலை. கூரை வேய்ந்த வாயில் அது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி இருப்பதற்கு இரு மருங்கும் குந்துகள் அமைந்திருக்கும். அதனைக் கடந்தால் தலைவாசல். விருந்தினர் அங்கேதான் இருத்தப்படுவர். வீட்டுப் பெண்களின் நடமாட்டம் உள்முற்றத்தைச் சுற்றியே நிகழும். நெல் காய்வதும், வடகம் காய்வதும், குழந்தை தவழ்வதும், கலியாணப் பந்தல் எழுவதும், இறுதியிற் பெரியவர்களின் உடலைக் கிடத்தி அழுவதும் அம்முற்றத்திலேதான். பின்புறத்தில் அடுக்களை, அதற்கப்பாற் கிணற்றடி, கோடியின் கடைசி மூலையில் மலசலகூடம்.

கட்டுமானப் பொருள்களும் அம்மண்ணிலே கிடைத்தவைதாம். குடாநாட்டின் நிலத்தடியில் உள்ள சுண்ணாம்புக் கல்லே சுவருக்குக் கல்லாகவும், அதே கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே சாந்தாகவும் பயன்பட்டன. வைரம் பாய்ந்த பனை, கூரைக்கு வளையும் சலாகையும் ஆயிற்று. கதவும் நிலையும் வன்னிக் காட்டு முதிரையினாலும் பாலையினாலும் ஆனவை. தொடக்கத்திற் பனையோலையும் கிடுகும் கூரையை மூடின. பின்னர் ஓடு வந்தது. 1865 ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து தட்டையோடு கப்பலேறி இலங்கைக்கும் வரலாயிற்று. கள்ளிக்கோட்டை ஓடு என்று பாட்டிமார் சொல்லும் ஓடு அந்த வகையைச் சேர்ந்தது.

காற்றும் நிழலும்

இவ்வீட்டின் குளிர்ச்சியைப் புகழாதவர் இல்லை. அதற்குக் காரணம் யாது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

சூடான காற்று இலேசானது, ஆகையால் மேலெழும். வீட்டினுள் வெப்பமடைந்த காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடுகின்றது. அவ்விடத்தை நிரப்பத் தலைவாசற் பக்கமாகவும் யன்னல்கள் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வருகின்றது. இவ்வாறு வீடு தானாகவே மூச்சு விடுகின்றது. ஆழமாக இறங்கிய விறாந்தைக் கூரை, வெயில் அறைச் சுவரிற் படாமற் காக்கின்றது. தடித்த கற்சுவரோ பகல் வெப்பத்தை மெல்ல மெல்லவே உள்வாங்கும்; மாலை வந்து வெளியே குளிரத் தொடங்கும்வரை அறைக்குள் வெப்பம் வந்து சேராது. இரவில் முற்றத்துத் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கின்றது. அக்குளிர்ந்த காற்று விறாந்தையிற் பரவுகின்றது. சோளகம் வீசினாலும், வாடை வீசினாலும், ஏதோ ஒரு சாரிற் காற்றோட்டமான இடம் கிடைத்துவிடும்.

இன்று நாம் கட்டும் கொங்கிறீற்றுத் தட்டு வீட்டில் நிகழ்வது இதற்கு மாறானது. பகலெல்லாம் வெயிலிற் காய்ந்த தட்டு, இரவெல்லாம் அச்சூட்டைக் கீழே படுத்திருப்பவர் மீது இறக்குகின்றது. பிறகு மின்விசிறி வாங்குகின்றோம். அது போதாமற் குளிரூட்டி வாங்குகின்றோம். மின்சாரக் கட்டணத்தைக் கண்டு பெருமூச்சு விடுகின்றோம்.

ஒரு தாயின் கேள்வி

இவ்வளவும் சொன்னதும், பழைய வீட்டை அப்படியே வைத்திருங்கள் என்று உபதேசம் செய்யப் புறப்பட்டுவிட்டோம் என வாசகர் எண்ண வேண்டாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறுதான் பேசிக்கொண்டிருந்தோம். வலிகாமத்தில் ஒரு கிராமத்து மூதாட்டி நம் வாயை அடைத்துவிட்டார்.

அவருடைய வீடு அவரது பாட்டனார் கட்டியது. தாய்க்குச் சீதனமாக வந்து, பின் அவருக்குச் சீதனமாக வந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது, அவரும் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு நடந்தவர். மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது பூட்டு இருந்தது, கதவு இல்லை. ஒரு பக்கக் கூரையும் போய்விட்டது. கிடைத்த தகரத்தையும் அஸ்பெஸ்ரஸ் தகட்டையும் கொண்டு கூரையை மூடினார்கள். கள்வர் பயத்தினால் முற்றத்துக்கு மேலும் தகரம் போட்டு அடைத்தார்கள்.

நாம் முதன்முறை சென்றபோது அவ்வீடு பட்டப்பகலிலும் இருண்டு கிடந்தது. சுவர்களில் உவர் பூத்திருந்தது. ஆயினும் தூண்களின் வடிவும், நிலைக்கதவின் சித்திர வேலையும் நம்மைக் கவர்ந்தன. "அம்மா, இந்த வீட்டை மட்டும் இடித்துவிடாதீர்கள், எவ்வளவு அழகான வீடு!" என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வடிவுதான் தம்பி. ஆனால் இரவிலை வெளியிலை போறதெண்டால் விறாந்தை தாண்டி, அடுக்களை தாண்டி, கிணத்தடி தாண்டிக் கோடிக்குப் போகவேணும். போன மாரியிலை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு வெடிச்சு மூண்டு மாசம் படுக்கையிலை கிடந்தனான். அண்டைக்கு இந்த வடிவு வந்து என்னைத் தூக்கி விட்டதோ?"

நமக்கு விடை தெரியவில்லை. பழைய வீட்டின் அழகைப் பற்றிப் பேசுகின்றவர்கள் பெரும்பாலும் அதில் வாழாதவர்கள் என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது.

கனடாவில் இருந்த மகன் இடித்துவிட்டு மேல்வீடு கட்டப் பணம் அனுப்ப ஆயத்தமாயிருந்தார். ஆசிரியையான மகளோ தாயோடு அவ்வீட்டிலேயே வாழ்பவர். அவர் ஒரு கடிதம் எழுதினார். இடிக்கும் முன் ஓராண்டு தவணை தரும்படியும், அம்மாவுக்கு எவை எவை கஷ்டம் என்று ஒரு பட்டியல் இட்டிருப்பதாகவும், அப்பட்டியலில் உள்ளவற்றை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்போம் என்றும் அதில் எழுதியிருந்தாராம். அப்பட்டியலில் இருந்தவை ஐந்தே விஷயங்கள்: மலசலகூடம், அடுக்களைப் புகை, இருட்டு, சுவர் ஈரம், மின்சார வயர். முற்றமோ, தூணோ, தடித்த சுவரோ அதில் இல்லை. வீட்டைப் பற்றி நாம் இதுவரை கேட்ட வார்த்தைகளுள் இப்பட்டியலே மிகச் சிறந்தது என்று சொல்வோம். கஷ்டம் எது, வீடு எது என்று அது பிரித்துக் காட்டியது.

முதலில் மழைநீர்

வேலை கூரையிலிருந்து தொடங்கியது. பழைய வீட்டைக் கொல்வது முதுமையன்று, தண்ணீரே. பீலி உடைந்து சுவரில் வழியும் நீரும், அடைபட்ட முற்றத்து வடிகாலும், நிலத்திலிருந்து ஏறும் ஈரமுமே சுவரையும் மரத்தையும் அழிக்கின்றன. ஆகவே வர்ணம் பூசுவதற்கும், தரைக்கு மாபிள் பதிப்பதற்கும் முன்னர், மழைநீர் எங்கே விழுந்து எங்கே போகின்றது என்பதை ஒரு மாரி முழுவதும் குடை பிடித்துப் பார்க்க வேண்டும்.

அவ்வீட்டில் முற்றத்துத் தகரம் கழற்றப்பட்டது. உள்ளே வெளிச்சம் விழுந்த அன்று, இருபது ஆண்டுக்கு மேல் மறந்திருந்த தூண்களின் நிறம் தெரிந்தது என்றார் மகள். கள்வர் பயத்துக்காக, கூரை விளிம்புகளுக்கு இடையே இரும்புக் கம்பி வலை பொருத்தினர். காற்றும் மழையும் வெயிலும் வரும். கள்வனும் குரங்கும் வர முடியாது. அடைந்துபோன வடிகாலைத் தோண்டிப் புதுப்பித்து, முற்றத்து மழைநீர் வளவில் ஒரு குழியில் இறங்கி நிலத்தடி நீரோடு சேரும்படி விட்டனர். ஆறு இல்லாத குடாநாட்டில் கிணறே உயிர். அந்நீரை வீதிக் கானுக்கு விடுவது பாவம். பீலிகளில் இலை அடைந்து தண்ணீர் தேங்காதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் டெங்கு நுளம்புக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தவராவோம்.

அஸ்பெஸ்ரஸ் தகடுகளை உடைக்காமற் கழற்றி இறக்கும்படி மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உடைத்தாலும் அறுத்தாலும் அதன் நுண்ணிய நார்கள் காற்றிற் கலந்து நுரையீரலைக் கெடுக்கும். இடிந்த பழைய வீடுகளிலிருந்து வாங்கிய ஓடுகளைக் கழுவிக் காயவைத்து மீண்டும் வேய்ந்தனர்.

சுண்ணாம்பும் சீமெந்தும்

இனி, சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வீட்டுக்கு மிகுந்த கேடு விளைவது இங்கேதான். அதுவும் நல்லெண்ணத்தோடு செய்த வேலையினால் விளைகின்றது.

சுண்ணாம்பும் சீமெந்தும் ஒரே கல்லின் இரு பிள்ளைகள். சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 பாகை செல்சியசுக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறும். மிஞ்சுவதை நீர் விட்டு நீற்றினால் சுண்ணாம்பு. அது சுவரில் ஏறிய பின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாகின்றது. அதே கல்லைக் களியோடு சேர்த்து ஏறக்குறைய 1450 பாகைக்குச் சுட்டு அரைத்தால் சீமெந்து. 1824 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் யோசெப் அஸ்ப்டின் என்பவர் போட்லண்ட் சீமெந்து என்ற பெயரில் ஒரு செய்முறைக்கு உரிமை பெற்றார். நமது காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி, 1990 இல் போரினால் நின்றுபோன தொழிற்சாலையும் குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டே சீமெந்து செய்தது.

பிள்ளைகள் ஒரே வயிற்றிற் பிறந்தாலும் குணம் வேறு. சுண்ணாம்புச் சாந்து மிருதுவானது. ஈரத்தை வாங்கி வெளியே விடும். சீமெந்து கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பழைய கற்சுவருக்கு ஈரம் தடுக்கும் அத்திவாரப் படை கிடையாது. நிலத்தின் ஈரம் அதில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் வழியே உலர்ந்துவிடும். அச்சுவருக்குச் சீமெந்து பூசினால் என்ன நிகழும்? ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நின்று மேலே மேலே ஏறும். அதிலுள்ள உப்பு பூச்சின் பின்னாற் படிந்து, பூச்சைப் பொருக்குப் பொருக்காய்த் தள்ளும். மேசன் மீண்டும் சீமெந்தையே இன்னுந் தடிப்பாகப் பூசுவார். நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது போன்றது இது.

நாம் கண்ட வீட்டில் உவர் பூத்ததும் இதனாலேதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உட்சுவர் முழுவதும் மூன்றடி உயரத்துக்குச் சீமெந்து பூசிவிட்டுப் போயிருந்தார். அதனை உளியினால் மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடைகாலம் முழுவதும் உலரவிட்டு, பின்னரே சுண்ணாம்புச் சாந்து பூசினர். அவ்வேலை தெரிந்த மேசன்மார் இன்று அரிது. வயது முதிர்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல இளையவர் இருவர் பூசினார்கள். சுண்ணாம்பைச் சில கிழமை நீரில் ஊறவைத்தாலே அது வெண்ணெய் போல் வரும் என்பதையும், பூசிய சுவரை வேகமாகக் காயவிடாமல் ஈரச்சாக்கு மூடிக் காக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரு வீடு மட்டுமன்றி ஒரு தொழிலும் அங்கே பிழைத்தது.

பூச்சுக்கு மேல் பிளாஸ்ரிக் வர்ணம் அடித்தாலும் அதே தீமைதான். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் நம் பழைய வழக்கம், சுவரை மூச்சுவிட வைக்கும் வழக்கமாகும்.

புதியது எங்கே வரவேண்டும்?

அம்மாவின் படுக்கையறையை அடுத்து, நெல் மூடை அடுக்கிய சிறு அறை ஒன்று வெறுமையாய்க் கிடந்தது. அதுவே குளியலறையும் மலசலகூடமும் ஆயிற்று. கட்டிலிலிருந்து பத்து அடி நடந்தாற் போதும். வழுக்காத தரை, பிடித்து எழும்பக் கைப்பிடி, இரவில் எரியும் சிறு விளக்கு, வாசற்படிக்குப் பதிலாகச் சாய்வான பாதை ஆகிய எல்லாம் அங்கே உண்டு. குழாய்களைப் பழைய கற்சுவரைக் குடைந்து செலுத்தவில்லை. சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, உட்புறமாக மெல்லிய புதுச்சுவர் ஒன்று எழுப்பி, அதற்குள்ளே செலுத்தினர். நாளை குழாய் கசிந்தாலும் பழைய சுவருக்குத் தீங்கு வராது. புதுச்சுவரை எடுத்துவிட்டால் பழைய அறை பழையபடி இருக்கும். கழிவுக் குழியையும் கிணற்றுக்கு வெகு தூரத்தில், அடி கசியாதபடி கட்டினர். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் பொந்தும் மிகுதி. ஓரிடத்தில் இறங்கும் அழுக்கு விரைவில் அயற் கிணற்றையும் சேர்ந்துவிடும்.

அடுக்களையில் விறகடுப்பின் புகைக்கூடு இருந்தபடியே இருக்கின்றது. அதன் கீழே இப்போது வாயு அடுப்பு. மேடை நின்று சமைக்கும் உயரத்தில் அமைந்தது. மின்சார வயர்களை முற்றாக மாற்றி, கசிவு ஏற்பட்டவுடன் தானே நின்றுவிடும் ஆளியையும் பொருத்தினர். பனை வளையும் உலர்ந்த மரமும் நிறைந்த கூரைக்குள்ளே பழுதான பழைய வயர் கிடப்பது, வைக்கோற் போரில் நெருப்புக் கொள்ளி கிடப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றிலிருந்து ஒரு பொது விதியை நாம் கண்டுகொள்ளலாம். தண்ணீர், நெருப்பு, மின்சாரம் மூன்றையும் இன்றைய முறைப்படி செய்க. அவற்றை ஓரிரு அறைகளுக்குள் அடக்குக. முற்றம், விறாந்தை, கூரையின் சாய்வு, தூண், நிலைக்கதவு ஆகியவற்றைத் தொடாமல் விடுக. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே மரத்தால் ஒட்டுப்போடலாம். முழுவதையும் வீச வேண்டியதில்லை. புதிதாய்ச் சேர்ப்பது பழையதுபோல் வேடமிடவும் வேண்டாம். 1964 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிற் கூடிய கட்டடப் பாதுகாப்பு அறிஞரும் இதனையே வலியுறுத்தினர்: மாற்றிவைத்த பகுதி முழுமையோடு இசைந்திருத்தல் வேண்டும், ஆனால், அது புதியது என்பதும் தெரிதல் வேண்டும்.

செலவு குறைவா என்று எல்லோரும் கேட்பர். எப்போதும் குறைவு என்று சொல்ல மாட்டோம். கூரை மரம் முழுவதும் கறையானுக்கு இரையாகியிருந்தால் செலவு ஏறும்; சுவர் சரிந்திருந்தால் பொறியியலாளரின் ஆலோசனையும் வேண்டும். ஆயினும் இத்தகைய வேலையைச் சாராகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்றாகச் செய்யலாம். கடன்பட்டு ஒரே மூச்சிற் கட்டும் மேல்வீட்டுக்கு அவ்வசதி இல்லை.

முற்றத்தை மறவாத கலைஞர்

முற்றம் பழமைவாதிகளின் ஆசை என்று இளைஞர் எண்ணலாம். இலங்கையின் நவீன கட்டடக் கலையே முற்றத்தில் மீண்டும் பிறந்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். ஜெப்ரி பாவா (1919–2003) கொழும்பில் ஈனா டி சில்வாவுக்காக 1960 முதல் 1962 வரை கட்டிய வீடு நடுமுற்றத்தைச் சுற்றியே அமைந்தது. நகரத்துக் காணி சுருங்கி வந்த அக்காலத்தில், வெளியே தோட்டம் இல்லாவிட்டாலும் உள்ளே வானம் இருக்கலாம் என்று அவ்வீடு காட்டியது. பின்னாளில் அக்காணி கைமாறியபோது, 2009 ஆம் ஆண்டளவில் அதனைப் பாகம் பாகமாகக் கழற்றத் தொடங்கி, பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கத் தோட்டத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். பாவா தம் சொந்த வீட்டையும் புதிதாய்க் கட்டவில்லை. கொழும்பு 33 ஆம் ஒழுங்கையில் வரிசையாய் நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இடையிடையே சிறு முற்றங்கள் திறந்து, ஒன்றாக்கினார்.

காலிக் கோட்டை நமக்கு வேறொரு பாடம் சொல்கின்றது. 1988 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட அக்கோட்டையின் பழைய வீடுகள் பல செவ்வனே திருத்தப்பட்டு நிற்கின்றன. ஆனால், அவற்றுட் பல இன்று விடுதிகளும் கடைகளுமாம். கட்டடம் பிழைத்தது, குடும்பங்கள் போயின. கட்டடம் அடியோடு போவதிலும் இது மேல் என்பது உண்மை. ஆயினும், வீட்டின் இயல்பு என்று நாம் சொல்வதில் பாதி, அதில் எரியும் அடுப்பும் அழும் குழந்தையும் அன்றோ?

பங்கும் சட்டமும்

நமது வீடுகளுக்குச் சட்டம் காவல் நிற்குமா என்றால், பெரும்பாலும் நிற்காது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே புராதன கட்டடங்களாகக் கொள்கின்றது. பிற்பட்டவை தனியே அறிவிக்கப்பட வேண்டும். நம் நாற்சார் வீடுகளுள் மிகப் பல அதற்குப் பின்னர் எழுந்தவை. ஆகவே காவலர் வீட்டுக்காரரே.

வீட்டுக்காரர் யார் என்பதும் இன்று சிக்கலே. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, சீதனம் என்னும் முறையால் மகளுக்கு வீட்டைக் கொடுத்தது. உரிமை ஒருத்தியிடம் இருந்தமையாற் பொறுப்பும் ஒருத்தியிடம் இருந்தது. இன்று பல வீடுகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள ஐந்தாறு பங்குக்காரருக்கு உரியன. எல்லோருக்கும் உரிய வீடு ஒருவருக்கும் உரியதன்று; ஓர் ஓடு மாற்றவும் ஆறு கையொப்பம் வேண்டும். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே, பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து கூடும் நேரத்திலே, இதனைப் பேசித் தீர்த்துக்கொள்வது நன்று. வீட்டில் வாழ விரும்புபவருக்கு வீட்டைக் கொடுத்து, மற்றவர் வேறு காணியிற் பங்கைப் பெறலாம்.

மீண்டும் அம்முற்றத்தில்

வேலை முடிந்த ஆண்டில், நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து மகன் வந்தார். அறையில் குளிரூட்டி பொருத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர், மூன்றாம் நாள் இரவு விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்தாராம். மேல்வீட்டுப் பேச்சு அதன்பின் எழவில்லை.

நாம் மறுமுறை சென்றது மாரியின் தொடக்கத்தில். மூதாட்டி விறாந்தைத் தூணோடு சாய்ந்து கதிரையில் இருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மழை தொடங்கியது. நான்கு சாரிலிருந்தும் பீலிவழி நீர் இறங்கி, முற்றத்து வடிகாலை நோக்கி ஓடியது. "இப்ப எப்படி அம்மா வீடு?" என்று கேட்டோம்.

"இரவிலை பயமில்லை, தம்பி. மழை வந்தால் உள்ளுக்கை இருந்தே பாக்கலாம். தகரம் போட்டிருந்த காலத்திலை சத்தம் மட்டுந்தான் கேக்கும்" என்றார்.

வாசக நேயர்களுக்கும், சிறப்பாக மாணவர்களுக்கும், ஒரு வேண்டுகோள். உங்கள் பேரன் பேர்த்தியார் வாழ்ந்த வீடு இன்னும் நின்றால், அடுத்த விடுமுறையில் ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள். அறைகளை அளந்து படம் வரையுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் என்ன என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். முற்றத்தின் எந்த மூலையில் யார் பிறந்தார், யார் படித்தார் என்பதையும் எழுதுங்கள். பிறகு, அவ்வீட்டிலே இன்று வாழ்பவர்க்கு எவை கஷ்டம் என்று அந்த ஆசிரியை இட்டது போல ஒரு பட்டியலும் இடுங்கள். அப்பட்டியல் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். இடிப்பதா, திருத்துவதா என்று குடும்பத்தார் கூடிப் பேசும் நாளில் அவ்விரு தாள்களும் மேசைமேல் இருக்கட்டும்.